முதல் வாரத்து செட்டும் கடைசி செமஸ்டர் செட்டும்: கல்லூரிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

சீட் உறுதியானதும் வீட்டில் லிஸ்ட் போட ஆரம்பித்துவிடுவார்கள். பக்கெட், மக், பாய், தலையணை, கொடிக்கயிறு, பூட்டு, பருப்புப் பொடி, ஊறுகாய். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து சென்னைப் புறநகரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்கு நான் கிளம்பியபோது அம்மா பூட்டு மட்டும் மூன்று வாங்கினார். பெட்டிக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, தொலைந்தால் மாற்றுக்கு ஒன்று. அங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதெல்லாம் தானாக அமைந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

தானாக அமையத்தான் செய்தது. அப்படி அமைந்த செட்டை அப்படியே நம்பிக்கொண்டிருந்தது தப்பு என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. என் மார்க், என் அரியர், பிறகு கிடைத்த வேலை எல்லாவற்றிலும் நான் யாரோடு சுற்றினேன் என்பதற்குப் பங்கு இருந்தது. அதனால் வருட வரிசைப்படி எழுதுகிறேன். என் கணக்கு நான்கு வருடப் படிப்பின் கணக்கு. கலை அறிவியல் கல்லூரியில் மூன்றே வருடம் என்பதால் எல்லாம் கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

முதல் வாரம்: ரோல் நம்பர் பக்கத்து ஆட்கள்

கல்லூரியில் முதல் சிநேகிதத்தைப் பெரும்பாலும் ரோல் நம்பர்தான் முடிவு செய்கிறது. பெயரை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கி நம்பர் போடுகிறார்கள். லேப் பேட்ச், வைவா, ரெக்கார்டில் கையெழுத்து, எல்லாம் அந்த வரிசையில்தான். எங்கள் வகுப்பில் மூன்று கார்த்திகாவும் இரண்டு கார்த்திக்கும் இருந்தார்கள். ஐந்து பேரும் ஒரே லேப் பேட்ச். அடுத்தவர் ரெக்கார்டைப் பார்த்து எழுதி எழுதி, கையெழுத்துகூட ஒரே மாதிரி ஆகிவிட்டது என்று லேப் மேடம் திட்டுவார்.

இதைக் கேலி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மாணவர் குடும்பங்கள் தங்கியிருந்த குடியிருப்பை ஆராய்ந்து உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் இரண்டு சகாக்களும் 1950ல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் பேசப்படுகிறது. அங்கே குணமோ ரசனையோ பார்த்து யாரும் சேரவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள்தான் அதிகம் நண்பர்களாகியிருந்தார்கள். நாலு வீடு தள்ளி என்றால் பழக்கம் சட்டென்று குறைந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் வீடு அமைந்தவர்களுக்கு மட்டும் மேல் மாடியிலும் ஆள் பழக்கம் இருந்தது. அடிக்கடி கண்ணில் படுகிறவர் பழக்கமாகிறார், அதுதான் விஷயம்.

நீங்களும் ஆள் நடமாடும் வழியில் இருங்கள். ஹாஸ்டல் என்றால் முதல் பத்து நாள் அறைக் கதவைச் சாத்தாதீர்கள். எங்கள் மாடியில் இஸ்திரிப் பெட்டி போட ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் வேலை செய்தது, அது எங்கள் அறை வாசலில் இருந்தது. காலை ஏழு மணிக்கு சுடிதாரோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோருடைய பெயரும் இரண்டே வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மெஸ்ஸுக்குத் தினமும் ஒரே நேரத்தில் போங்கள். ஒரு நாள் ஏழரைக்கு, ஒரு நாள் எட்டரைக்கு என்று போனால் தினமும் புது முகம்தான். வகுப்பில் சுவர் ஓரத்தைவிட நடைவழி ஓரம் நல்லது.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி: ஏதாவது கேட்டு வாங்குங்கள். சேஃப்டி பின், ஸ்டாப்ளர், பேனா. இன்ஜினியரிங் முதல் வருடம் என்றால் இருக்கவே இருக்கிறது படம் வரையும் பலகையில் மாட்டுகிற டிராஃப்டர், அதைச் சரியாக மாட்டத் தெரிந்தவர் வகுப்பில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். ‘இதைக் கொஞ்சம் மாட்டிக் காட்டுறீங்களா’ என்று கேட்டுச் சேர்ந்த சிநேகிதங்கள் ஏராளம். உதவி கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். கேட்கப்பட்டவருக்கோ உள்ளூர ஒரு சந்தோஷம்தான்.

டே ஸ்காலர்களுக்கு இதெல்லாம் ஒரு படி கஷ்டம். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018ல் ஒரு கணக்கு வெளியிட்டார்: தெரிந்த முகம் ஓரளவு நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழித்திருக்க வேண்டும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஹாஸ்டலில் அந்த 200 மணி நேரம் ஒன்றரை மாதத்திலேயே ஓடிவிடும். சாயங்காலம் நாலேகாலுக்குக் கல்லூரி பஸ் பிடிக்கிறவருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். எனவே டே ஸ்காலர்கள் வீட்டில் முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: வாரத்தில் ஒரு நாள் கல்லூரி பஸ்ஸை விட்டுவிட்டு, ஆறு மணி வரை இருந்துவிட்டு டவுன் பஸ்ஸில் வருவேன் என்று. அந்த ஒரு நாளில் கிடைக்கும் பழக்கம் மீதி நாலு நாளில் கிடைக்காது. கல்லூரி பஸ்ஸில் போகிற நாள்களில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொள்வதை முதல் மாதம் மட்டுமாவது தள்ளிப்போடுங்கள்.

முதல் செமஸ்டர்: செட்டு சேர்வதும் அதில் சிக்குவதும்

எங்கள் செட்டு ஐந்து பேர். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள். நான் ‘அங்கிட்டு இங்கிட்டு’ என்று பேசினால் சிரிக்காத மற்ற நான்கு பேர், அதுதான் எங்களைச் சேர்த்தது. ஹாஸ்டலில் எங்களுக்கு ‘சவுத் செட்டு’ என்றே பெயர். வீட்டு ஞாபகம் தொண்டையை அடைக்கிற முதல் இரண்டு மாதத்தில் அவர்கள் இல்லாவிட்டால் நான் பெட்டியைக் கட்டியிருப்பேன். இப்போதும் அதற்கு நன்றி உண்டு.

ஆனால் ஐந்து பேரும் ஒரே பெஞ்ச், ஒரே டேபிள், ஒரே பங்க். ஒருத்திக்குத் தலைவலி என்றால் ஐந்து பேரும் வகுப்புக்குப் போக மாட்டோம். நோட்ஸும் ஐவருக்கும் ஒரே நோட்டிலிருந்துதான் போகும், அந்த நோட்டில் ஒரு கணக்கு தப்பாக இருந்தால் ஐந்து விடைத்தாளிலும் தப்பாக இருக்கும். முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் கணக்குப் பாடத்தில் எங்களில் நான்கு பேருக்குக் கப், அதாவது ஃபெயில். இன்டர்னல் தேர்வுக்கு என்ன வரும் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தையே உண்டாக்கிக்கொள்ளவில்லை.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் புதுமுக மாணவர்களுக்கு அறைத்தோழரைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதை வைத்து புரூஸ் சசர்டோட் 2001ல் வெளியிட்ட ஆய்வு, கூட இருப்பவரின் மார்க் நம் மார்க்கையும் தொடுகிறது என்று சொல்கிறது. எங்கள் ஐந்து பேரின் மார்க் ஷீட்டைப் பார்த்திருந்தால் அவருக்கு அவ்வளவு தூரம் உழைக்கும் வேலை இருந்திருக்காது.

இந்தப் பட்டறிவில் நான் புதியவர்களுக்குச் சொல்கிற ஒரே கணக்கு இது: முதல் செமஸ்டர் முடிவதற்குள் மூன்று வெவ்வேறு இடங்களில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட இடத்துக்கு ஒருவராவது இருக்க வேண்டும். வகுப்பில் ஒருவர், தங்குமிடத்திலோ வரும் வழியிலோ ஒருவர், படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் ஒருவர். மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு இடத்தில் சண்டை வந்தால் மற்ற இரண்டில் போய் உட்காரலாம். செட்டை விட்டு விலகச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு வேளை சாப்பாட்டை மட்டும் வேறு டேபிளில் சாப்பிடுங்கள். ‘என்ன, எங்களை மறந்துட்டியா’ என்று கேட்பார்கள். கேட்கட்டும், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

செட்டு என்பது பழக்கத்தைத் தாண்டி அடையாளமாகிவிட்டால் ஆபத்து. சென்னையில் சில கலைக் கல்லூரிகளில் ‘ரூட்டு தல’ என்று ஒரு வழக்கம் பல காலமாக இருக்கிறது. ஒவ்வொரு பஸ் தடத்துக்கும், மின்சார ரயில் தடத்துக்கும் ஒரு தலைவர், அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். பாட்டு, தாளம் என்று ஆரம்பித்து பஸ் கூரையில் ஏறுவது, ஸ்டேஷனில் அடிதடி என்று போன நாள்கள் பல. ஊரிலிருந்து வந்த பையனுக்கு முதல் மாதம் அது பெரிய ஆதரவாகத் தெரியும், தனக்கென்று ஒரு கூட்டம் கேட்காமலே கிடைக்கிறதே. ஆனால் போலீஸ் வழக்கில் ஒருமுறை பெயர் ஏறினால் அது பாஸ்போர்ட் விசாரணையிலும் அரசு வேலை விசாரணையிலும் வந்து நிற்கும். அன்றைக்குத் தலையும் வரமாட்டார், ரூட்டும் வராது.

சீனியர்கள்: பயப்பட வேண்டியதும் கேட்டுப் பெற வேண்டியதும்

1996ல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் சீனியரால் கொல்லப்பட்டதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். அடிப்பது, அவமானப்படுத்துவது மட்டும் ராகிங் என்று எண்ண வேண்டாம். சீனியருடைய அசைன்மென்ட்டை ஜூனியரை எழுத வைப்பதும், ஜூனியரைச் செலவு செய்ய வைப்பதும் அந்த விதிமுறைப்படி ராகிங்தான். 1800-180-5522 என்ற இலவச எண் நாள் முழுக்க இயங்குகிறது. போனில் சேமித்து வையுங்கள், தேவைப்படாமலே நாலு வருடம் போனால் நல்லதுதான்.

அதற்காகச் சீனியர் என்றாலே ஒதுங்கிப் போகாதீர்கள். கல்லூரியில் எழுதி ஒட்டாத விஷயங்கள் எல்லாம் அவர்கள் தலையில்தான் இருக்கின்றன: எந்த ஸ்டாஃப் எப்படித் திருத்துவார், அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் யாரைப் பார்க்க வேண்டும், பழைய கேள்வித்தாள் எந்த ஜெராக்ஸ் கடையில் கட்டாகக் கிடைக்கும், வேறு கல்லூரிகளில் நடக்கும் சிம்போசியம் போக ஓ.டி. (அட்டெண்டன்ஸ் குறையாத ‘ஆன் டியூட்டி’ அனுமதி) எப்படி வாங்குவது. ஒரு வருடம் மூத்தவரைப் பிடியுங்கள். கடைசி வருடத்தார் வேலை தேடும் பதற்றத்தில் இருப்பார்கள், முதல் வருடத்தில் தாங்கள் பட்டதும் அவர்களுக்கு மறந்து போயிருக்கும். போய் நின்று ‘அக்கா, ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க’ என்றால் அவரும் பாவம் என்ன சொல்வார்? ‘அக்கா, இந்தப் பாடத்துக்கு நீங்க எந்தப் புத்தகம் படிச்சீங்க’ என்று கேளுங்கள். பெரும்பாலும் புத்தகமே கைக்கு வந்துவிடும்.

தீபாவளி லீவு முடிந்து திரும்பும் பஸ்

யாரும் முன்னெச்சரிக்கை செய்யாத ஒரு கட்டம் இது. முதல் நாள் அழுகையை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடக் கொடுமையாக இருந்தது தீபாவளிக்கு ஊர் போய்விட்டுத் திரும்பிய ராத்திரி. வீட்டில் நான்கு நாள் ராஜபோகம், பள்ளித் தோழிகளோடு சிரிப்பு, அப்புறம் முறுக்கு டப்பாவோடு பஸ்ஸில் ஜன்னலோரம். விடியற்காலை கோயம்பேட்டில் இறங்கியபோது (இப்போது தெற்கு மாவட்ட பஸ்கள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன) திரும்பி அதே பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றிருந்தது. புதுசு என்ற பரபரப்பு தீர்ந்து, பழசு என்ற சொந்தம் இன்னும் வராத நேரம் அது.

அந்த வாரத்துக்குச் சில ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம். ஒன்று, தனியாகத் திரும்பாதீர்கள். உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரோடு ஒரே பஸ்ஸில் டிக்கெட் போடுங்கள். இரண்டு, பலகாரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். எங்கள் மாடியில் பத்துப் பதினைந்து ஊர் பலகாரம் ஒரே பாயில் பரப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் நாமக்கல் பெண்களோடு முதல்முறை பேசினேன். அம்மா கொடுத்த மூன்றாவது பூட்டு கடைசி வரை பிரிக்கப்படவே இல்லை. மூன்று, வீட்டுக்குப் போன் பேசுவதை ஒரு நேரத்துக்குள் வையுங்கள். நான் ஒரு நாளைக்கு நான்கு முறை பேசினேன், அத்தனையும் ஹாஸ்டலில் யாரோ என் பக்கத்தில் உட்கார வந்திருக்கக்கூடிய நேரம்.

இரண்டாம் வருடம்: உடைவதும் ஒட்டுவதும்

முதல் வருடத்து செட்டு இரண்டாம் வருடத்தில் உடைவது சகஜம். எங்களுடையது மூன்றாவது செமஸ்டரில் கொடைக்கானல் போய்விட்டு வந்த செலவுக் கணக்கில் உடைந்தது. வேன் வாடகையில் ஒருத்தி பங்கு தரவில்லை, தந்தேன் என்கிறாள் அவள். தொகை 640 ரூபாய். காசு ஒரு சாக்கு என்று இப்போது தெரிகிறது. ஒன்றரை வருடம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தே இருந்ததில் எல்லோருக்கும் மூச்சு முட்டியிருந்தது. மூன்று வாரம் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்து தனியாகச் சாப்பிட்டேன். மெஸ் டேபிளில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பதற்குப் பட்டினியே மேல் என்று தோன்றிய நாளும் உண்டு.

அந்த நேரத்தில் நோட்டீஸ் போர்டில் என்.எஸ்.எஸ். முகாம் அறிவிப்பு இருந்தது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்தது. சேர்ந்தால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும். எனக்கு அப்போது சேவை மனப்பான்மை எல்லாம் கிடையாது, ஏழு நாள் மெஸ்ஸிலிருந்து தப்பலாம் என்றுதான் பெயர் கொடுத்தேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடத்தில் தங்கி, கால்வாய் ஓரம் சீமைக்கருவேல முள் வெட்டினோம். கையில் முள் ஏறியதை ஊசியால் எடுத்துவிட்டவள் மெக்கானிக்கல் துறை. சாம்பார் கிண்டியவன் சிவில். அதுவரை அந்தத் துறைக் கட்டடங்கள் எங்கே இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. முன்பு சொன்ன ஜெஃப்ரி ஹாலின் 50 மணி நேரக் கணக்கு முகாமில் மூன்றரை நாளில் முடிந்துவிடுகிறது, யோசித்துப் பாருங்கள்.

எதில் சேர்வது என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம்: சான்றிதழ் தரும் கிளப்பைவிட வேலை வாங்கும் கிளப்பில் சேருங்கள். பேச்சுக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைகிற சங்கத்தில் யாரும் யாருக்கும் பழக்கமாவதில்லை. மேடை கட்டுவது, கோலம் போடுவது, ஒத்திகை பார்ப்பது, பந்து பொறுக்குவது, என்.சி.சி.யில் விடிகாலை பரேடு, தமிழ் மன்றத்தில் நாற்காலி அடுக்குவது என்று கை சேர்ந்து வேலை செய்யும் இடமாகப் பாருங்கள். இரண்டுக்கு மேல் சேராதீர்கள், அகலக்கால் வைத்தால் எதிலும் முகம் பதியாது. மூன்று வாரம் தொடர்ந்து போன பிறகுதான் பிடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் வருடத்தில்தான் டிப்ளமோ முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் வந்து சேர்வார்கள். வகுப்பில் செட்டெல்லாம் கட்டியாகிவிட்ட பிறகு நடுவில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்கள். நீங்கள் அப்படி வருகிறவர் என்றால், உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத சரக்கு இருக்கிறது: லேப். மூன்று வருடம் மெஷினைத் தொட்டுப் பழகிய கை. வகுப்பின் மற்றவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் பழக்கம். இரண்டையும் மாற்றிக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் அரியர் குறையும். எங்கள் வகுப்பில் எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் லேபில் கனெக்‌ஷன் கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள் பாலிடெக்னிக்கிலிருந்து வந்த அண்ணன்தான், நாலாவது வாரத்தில் அவர் பெஞ்சைச் சுற்றி இடம் கிடைக்காது.

மொழி, சாதி, காசு

தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் வருடத்தில் ஒரு வேலி தெரியும். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், ‘பீட்டர் விடுறாங்க’ என்று முணுமுணுக்கும் நாம் ஒரு பக்கம். முணுமுணுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான் நேர்முகத் தேர்வும் குழு விவாதமும் நிற்கின்றன. ஆங்கிலம் நன்றாகப் பேசும் ஒருவரோடு தினமும் பதினைந்து நிமிடம், தப்பாகவே பேசுங்கள். எனக்கு அது சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும் நேரம். ஊட்டி கான்வென்டில் படித்த பெண், நான் தமிழ் வாசிக்கச் சொல்லித் தந்தேன், கணக்கு சரியாகிவிட்டது.

சாதி விஷயம் இன்னும் நுட்பமானது. ‘எந்த ஊரு’ என்பதற்கு அடுத்து ‘ஊர்ல எந்தப் பக்கம்’ என்று கேட்டால், கேட்கிறவர் எங்கே போகிறார் என்று நமக்குத் தெரியும். கையில் கட்டும் கயிற்றின் நிறம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் தலைவர் படம், ஒரே மாவட்டத்து ஆட்களுக்கு என்று ஆரம்பித்து ஒரே சாதி ஆட்களாகச் சுருங்கும் குரூப், எல்லாம் கல்லூரிக்குள் இருக்கின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘பஸ் ஸ்டாண்ட் பக்கம்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றலாம், எல்லா ஊரிலும் பஸ் ஸ்டாண்ட் உண்டு. அப்படிப்பட்ட குரூப்பில் யாராவது சேர்த்துவிட்டால் சத்தமில்லாமல் வெளியேறுங்கள்.

காசு விஷயத்தில் முதல் மாதமே உங்கள் எல்லையைச் சொல்லிவிடுவது நல்லது. பிறந்தநாள் கேக், ட்ரீட், படம், ஒரே நிறத்தில் சட்டை என்று ஆறு மாதத்தில் சேரும் தொகை வீட்டில் கேட்க முடியாத அளவு வந்துவிடும். ‘நான் கேக்குக்குப் போடுறேன், ட்ரீட்டுக்கு வரல’ என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். ஒருவர் சொன்னால் இன்னும் மூவர் அதற்காகவே காத்திருந்தது தெரியவரும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது: பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். கடன் கொடுத்தால் போனில் குறித்து வையுங்கள். 640 ரூபாய்க்காக ஒரு செட்டைத் தொலைத்தவள் சொல்கிறேன்.

பெண்கள் ஹாஸ்டல் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு ஆறரைக்குக் கேட் பூட்டு, ஆண்கள் ஹாஸ்டலில் ஒன்பது. சிம்போசியம் வேலை, புராஜெக்ட் பேச்சு, சீனியர்களோடு டீ எல்லாமே ஆறரைக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும், அந்தத் தொடர்புகள் எல்லாம் எங்களுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டன. புலம்பிப் பார்த்தோம், பலனில்லை. பிறகு பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, துறைத் தலைவர் வழியாக, விழா வாரத்துக்கு மட்டும் எட்டு மணி வரை அனுமதி வாங்கினோம். தனியாகக் கேட்டால் வார்டனுக்கு அது அடம், பத்துப் பேர் எழுதிக் கேட்டால் விண்ணப்பம்.

மூன்றாம் வருடம் முதல்: தூரத்துப் பழக்கத்தின் பலன்

மூன்றாம் வருடத்தில் செட்டுகள் தாமாகவே தளர்கின்றன. மேல்படிப்புக்கான கேட் தேர்வுக்குப் படிப்பவர், வெளிநாடு பார்ப்பவர், டி.என்.பி.எஸ்.சி. புத்தகம் வாங்கியவர், ஐ.டி. வேலைக்குத் தயாராகுபவர் என்று பிரிவார்கள். இங்கே மனம் விடாமல் ஒரு படிப்புக் குழுவை அமைத்துக்கொள்ளுங்கள், நாலு பேர் போதும். நெருங்கிய தோழி அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குறி ஒன்றாக இருந்தால் போதும்.

பிளேஸ்மென்ட் காலம் சிநேகிதத்துக்குச் சோதனைக் காலம். அறையில் ஒருத்திக்கு ஆஃபர் வந்து ஒருத்திக்கு வராத அன்று ராத்திரி என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாது. வந்தவர் ட்ரீட்டை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். வராதவர் ‘இன்னைக்கு என்னை விட்டுருங்க’ என்று நேராகச் சொல்லலாம். நாங்கள் இரண்டும் செய்யாமல் பத்து நாள் பேசாமல் இருந்தோம்.

வேலை எங்கிருந்து வரும் என்பதற்கு அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973ல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. வேலை கிடைத்தவர்களைக் கேட்டால், தகவல் பெரும்பாலும் நெருங்கிய நண்பரிடமிருந்து வந்திருக்கவில்லை. எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரரிடமிருந்து வந்திருந்தது. காரணம் எளிது: நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதான். எனக்கு கேம்பஸில் வேலை கிடைக்கவில்லை. படிப்பு முடிந்து ஏழு மாதம் கழித்து, ‘எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க, ரெஸ்யூம் அனுப்பு’ என்று மெசேஜ் போட்டது முகாமில் சாம்பார் கிண்டிய அந்த சிவில் பையன். இடையில் நாங்கள் பேசியது பொங்கல் வாழ்த்து இரண்டு, அவ்வளவுதான்.

அந்த இரண்டு வாழ்த்து போதும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஐம்பது பேரோடு தினமும் பேச யாராலும் முடியாது. வருடத்தில் இரண்டு முறை பெயர் சொல்லி, மொத்தமாக அனுப்பும் படமாக இல்லாமல், ஒரு வரி எழுதினால் போதும்.

யாரும் ஒட்டவில்லை என்றால்

சிலருக்குத் தனிமை பிடிக்கும், அதில் ஒன்றும் தப்பில்லை. நூலகத்தில் தனியாக உட்கார்ந்து நிம்மதியாக இருப்பவரை யாரும் திருத்த வேண்டியதில்லை. வேறு மாதிரியான தனிமை ஒன்று உண்டு: மெஸ்ஸுக்குப் போவதையே தவிர்ப்பது, பகலில் தூங்குவது, வீட்டில் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் அழுவது. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு ஒதுக்கியிருக்கும் மென்டார் ஸ்டாஃபிடம் போகலாம். கல்லூரிக்குள் யாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பக்கத்து அறையில் யாராவது அப்படி இருந்தால், ‘என்ன ஆச்சு’ என்று குடையாமல் ‘சாப்பிடப் போறேன், வர்றியா’ என்று தினமும் ஒருமுறை கதவைத் தட்டுங்கள். மூன்று வாரம் தனியாகச் சாப்பிட்ட எனக்கு இருபத்திரண்டாவது நாள் அப்படித் தட்டியவள், இஸ்திரி வரிசையில் பெயர் மட்டும் தெரிந்திருந்த ஒரு பெண்.

கடைசி மாதம்: நோ டியூஸ் படிவம்

ஃபேர்வெல், ஸ்லாம் புக், குரூப் போட்டோ எல்லாம் தானாக நடக்கும். நீங்கள் செய்ய வேண்டியது சில. வகுப்பு வாட்ஸ்அப் குரூப் ஆறு மாதத்தில் பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் என்று ஆகிவிடும், எனவே எண்களைத் தனித்தனியாகச் சேமியுங்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு எண் மாற்றுவது அதிகம், வீட்டு எண் ஒன்றையும், நிலையான மின்னஞ்சலையும் வாங்கி வையுங்கள். என் சவுத் செட்டில் ஒருத்தியை நான் இப்படித்தான், அவள் அப்பாவின் எண் வழியாக, ஒன்பது வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன். வேன் வாடகை பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. பாய், பக்கெட், டிராஃப்டரை ஜூனியர் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள், மதிப்பெண் பட்டியல் வாங்கத் திரும்பி வரும் நாளில் தங்க ஓர் அறையாவது இருக்கும்.

அப்புறம் நோ டியூஸ் படிவம். சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட் திரும்ப வேண்டுமானால், பாக்கி எதுவும் இல்லை என்று நூலகம், ஒவ்வொரு லேப், விளையாட்டுத் துறை, மெஸ், ஹாஸ்டல், அலுவலகம் என்று எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். நிறைய பேர் சி.ஆர். (வகுப்புப் பிரதிநிதி) கையில் மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்களே கொண்டுபோங்கள், ஒரு நாள் முழுக்க ஆனாலும் சரி. எனக்கு லேப் அசிஸ்டன்ட் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘நீ கார்த்திகா ஒண்ணா, ரெண்டா?’ என்று கேட்டார். மூன்று என்றேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.